சம்மனசின் கால்கள்

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று கால்சியம் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கொரட்டூர் ஏரிக்கரையில் நடைப்பயிற்சி என்ற பெயரில் உட்கார்ந்துகொண்டு நாம் பேசுவதெல்லாம் எலும்பைப் பற்றித்தான். யாருக்கு இடுப்பு தேய்ந்தது, யாருக்கு முட்டி மாற்றினார்கள், யார் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்கள். நீங்கள் பேச ஆரம்பித்ததும் நான் எழுந்து போய்விடுவேன். திமிர் பிடித்தவள் என்று நீங்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வதும் என் காதில் விழுந்திருக்கிறது. திமிரெல்லாம் ஒன்றுமில்லை. எலும்பு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒரு நாற்றம் வருகிறது. மீன் எண்ணெயும் புளித்த பாலாடையும் மூத்திரமும் கலந்த நாற்றம். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது, தங்கச்சிக்கு நாலு. கொரட்டூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரே வரிசையில் ஐந்து குடித்தனம் இருந்த ஓட்டு வீட்டில் கடைசிப் போர்ஷன் எங்களுடையது. ஐந்து குடும்பத்துக்கும் ஒரு கிணறு, ஒரு கக்கூஸ். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். சாயங்காலம் வந்து தலையைத் துவட்டினால் இரும்புத் தூள் பொலபொலவென்று தரையில் விழும். அதைப் பெருக்குவது என் வேலை.

நான் கறுப்பு. அப்பா கறுப்பு. அம்மாவும் கறுப்புதான். தங்கச்சி மட்டும் சிவப்பாகப் பிறந்தாள். எங்கிருந்து வந்தது அந்த நிறம் என்று அக்கம்பக்கத்தில் குசுகுசுவென்று பேசினார்கள். அம்மா கவலைப்படவில்லை. மாதா குடுத்த நெறம் என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் கோயிலில் செப்டம்பர் மாதம் மாதா திருநாள். கடைசி நாள் பவனியில் மாதா சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோவார்கள். சுரூபத்துக்கு முன்னால், சப்பரத்தின் விளிம்பில், ஒரு சிறுமி சம்மனசு வேஷத்தில், அதாவது தேவதூதர் வேஷத்தில், நிற்பாள். வெள்ளைக் கவுன், அட்டையில் செய்த இறக்கை, தலையில் ஜிகினா வளையம். வேதத்தில் சம்மனசு எந்த நிறம் என்று எழுதியிருக்கிறதோ தெரியாது, கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் எங்கள் உபதேசியாருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு வருடமும் கோயில் பங்குக் குடும்பங்களிலேயே சிவப்பான குழந்தையைத்தான் பொறுக்குவார். அந்தக் குழந்தையின் வீட்டுக்கு அடுத்த திருநாள் வரைக்கும் சம்மனசு வீடு என்று பெயர். கல்யாணம், பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்கும் புது நன்மை என்று எங்கே போனாலும் சம்மனசோட அம்மா என்று நாற்காலி போடுவார்கள்.

அம்மா சின்ன வயதில் அந்த இடத்தில் நிற்க ஆசைப்பட்டிருக்கிறாள். அப்போது இருந்த உபதேசியார், "கரிக்கட்டையில யாராச்சும் சம்மனசு செய்வாங்களா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தாராம். இதை அம்மா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்கு உடம்பு கூசும்.

ஆக, தங்கச்சி பிறந்த நாளிலிருந்து அம்மா ஒரே குறியாக இருந்தாள். குழந்தை மேல் வெயில் படக்கூடாது. உள்ளறையின் ஜன்னலில் கோணி தொங்கியது. சூடு தெரியாமலிருக்கக் கோணியை நனைத்து விடுவார்கள். சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கருவாடாகும்போது அந்த அறை மட்டும் ஊறிப்போய்க் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட விடியுமுன்னே முதல் பூசைக்குத்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அதுவும் போர்வைக்குள். மற்ற நாளெல்லாம் அறைக்குள்தான் சாப்பாடு, அறைக்குள்தான் விளையாட்டு, மூலையில் வைத்த பழைய அலுமினியச் சட்டியில்தான் எல்லாமும்.

காலையும் மாலையும் அம்மா அவளுக்குப் பாலாடை தேய்ப்பாள். குடிக்கப் பால் இருந்ததோ இல்லையோ, தேய்க்க ஆடை இருந்தது. தேய்த்த ஆடை அரைமணியில் புளிக்கும். எறும்பு வரும். கழுத்து மடிப்பிலும் முழங்கைக்குள்ளும் எறும்பு கடித்துச் சின்னச் சின்னத் திட்டாகச் சிவந்து கிடக்கும். அதன்மேல் பவுடர். பவுடரும் வியர்வையும் சேர்ந்து அழுக்குத் திரியாக உருளும். ஊரெல்லாம் அந்தக் குழந்தையைக் கொஞ்ச ஆசைப்பட்டது. பக்கத்தில் படுத்தவள் நான். எனக்கு அவளைத் தொடவே பிடிக்காது.

என்னை யாரும் உள்ளே இருக்கச் சொல்லவில்லை. "நீ எங்க திரிஞ்சா இன்னா, உனக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது" என்பாள் அம்மா. லீவு நாளில் ஏரிக்கரை, ரயில்வே லைன், புளியமரம் என்று நாள் முழுவதும் வெயிலில் கிடந்தேன். எனக்கு மட்டும் ஏன் பாலாடை இல்லை என்று அழுதிருக்கிறேன். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று அந்த வயதில் எனக்கு என்ன தெரியும்?

கால் வளைந்ததை முதலில் சொன்னது அப்பாதான். லேத்காரருக்குக் கோணல் என்றால் உடனே கண்ணில் உறுத்திவிடும். ஒருநாள் தங்கச்சி அறையிலிருந்து தட்டுத் தடுமாறி வாசல்படி வரைக்கும் வந்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"இன்னாமே இது? புள்ள காலு ரெண்டும் வளைஞ்சிகினு கீது?"

"நீ கண்ணு வெக்காத. நடக்க நடக்க சரியாப் பூடும்."

"எங்க நடக்குது? நீதான் ரூமு உள்ளயே வெச்சி பூட்டிகினு கீறியே."

"செப்டம்பரு தாண்டட்டும். அப்பால எவ்ளோ வேணா நடக்கட்டும்."

கணுக்கால் இரண்டும் ஒட்டினால் முட்டிக்கு நடுவே என் கை முஷ்டி போகும். மணிக்கட்டு குமிழ் குமிழாகப் புடைத்திருந்தது. கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று எல்லோரும் அதையும் கொஞ்சினார்கள்.

எலும்புக்கு எலும்பு என்று யாரோ யோசனை சொல்ல, வீட்டில் ஆட்டுக்கால் வேகத் தொடங்கியது. அடுப்பில் காலைப் பொசுக்கும்போது எழும் மயிர் கருகும் நாற்றம், அப்புறம் மூன்று மணி நேரம் வெந்து மேலே மஞ்சளாகப் படியும் கொழுப்பு. ஆறினால் அது உதட்டில் ஒட்டிக்கொள்ளும். முட்டை ஓட்டை இடித்துப் பொடி செய்து கஞ்சியில் கலந்தார்கள். பல்லில் நறநறவென்று மணல் கடிபட்டதாக அழுவாள். படுக்கும்போது இரண்டு காலையும் சேர்த்து அப்பாவின் கிழிந்த வேட்டியால் இறுக்கிக் கட்டுவார்கள். அவ்வளவுக்கும் அசையாமல் கால் இன்னும் கொஞ்சம் வளைந்தது.

மே மாதக் கடைசியில், அப்பா போட்ட சத்தம் தாங்காமல், ஆவடிப் பக்கம் ஒரு கன்னியர் மடத்து மருத்துவமனைக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டர் மதர் இருந்தார். கன்னியாஸ்திரி, குழந்தை வைத்தியர். நாங்கள் மதர் என்றே கூப்பிட்டோம். தங்கச்சியை மேஜைமேல் படுக்கவைத்து மணிக்கட்டை அழுத்தினார், விலாவைத் தடவினார், எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"இந்தப் பிள்ளைய வெயில்லயே விடுறதில்லையா?"

"செவத்த புள்ள மதர். கறுத்துடும்."

"கறுத்தா கறுக்கட்டும். கால் கோணினாப் பரவாயில்லையா?"

நான் எட்டிப் பார்த்து, எலும்பு கல் மாதிரிதானே மதர், அது எப்படி வளையும் என்று கேட்டேன். மதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேள்வி கேட்கிற குழந்தைகளைப் பிடிக்கும்போல.

"கல்லு இல்லடா. அதுக்கு உசுரு உண்டு. ஆட்டுக்கறி தின்னுவேல்ல? எலும்பு முனையில வெள்ளையா, கடிச்சா நறுக்குனு ஒண்ணு இருக்குமே?"

"குருத்தெலும்பு."

"அம்மா வயித்துல உன் எலும்பு முக்காவாசி அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் அதுல சுண்ணாம்புச் சத்து ஏறி ஏறி இறுகும். முனையில மட்டும் குருத்து மிச்சம் இருக்கும். அங்கதான் புதுசு புதுசா வளர்ந்து நீளும். உன் தங்கச்சிக்கு முனை வளருது, ஆனா இறுகல. பச்சைக் களிமண்ணு மேல பாரம் வெச்சா என்ன ஆகும்? அதான் வளையுது."

"சுண்ணாம்பு தின்னா சரியாயிடுமா?"

"தின்னா மட்டும் போதாது. தின்னது எலும்புல போய்ச் சேரணும்னா உடம்புல வெயில் படணும். தோல்ல வெயில் பட்டாத்தான் அந்தச் சத்து ஊறும். அது இந்த எண்ணெயிலயும் இருக்கு."

பழுப்பு நிறப் புட்டியில் சுறா மீன் எண்ணெய். தினமும் இரண்டு ஸ்பூன். தினமும் அரைமணி நேரம் வெயில், ஜட்டியோடு. இவ்வளவுதான் வைத்தியம். "நாலு வயசுதான் ஆகுது. இப்ப இறுகிடுச்சுன்னா வளர்ற வளர்த்தியில காலு தானா நிமிர்ந்துடும். விட்டுட்டீங்கன்னா வளைஞ்சபடியே இறுகும். அப்புறம் அறுத்துத்தான் நிமித்தணும்" என்றார் மதர். அறுத்து என்றபோது கையால் முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு போட்டுக் காட்டினார். அதற்கப்புறம் நான் குருத்தெலும்பை வாயில் வைத்ததில்லை.

திரும்பும்போது ரயிலில் அண்ணனூர் தாண்டியதும் வெயில் எங்கள் பக்கம் அடித்தது. அம்மா ஜன்னல் தகட்டை இறக்கிவிட்டாள்.

"எண்ணெய் குடுப்போம். எண்ணெயிலயே அந்தச் சத்து கீதுன்னு அவங்களே சொன்னாங்க இல்ல. வெயிலு, பவனி முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம். நாலு மாசந்தானே."

எதிர் சீட்டில் இருந்த அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். லேத்தில் ஒரு நூல் பிசகினால் மேஸ்திரியோடு மல்லுக்கு நிற்கிற மனிதர், வீட்டில் வாயே திறக்கமாட்டார்.

எண்ணெய் கொடுக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஸ்கூலுக்குக் கிளம்புமுன் இரண்டு ஸ்பூன். அந்தப் புட்டியைத் திறந்ததும் வரும் வாடையை எப்படிச் சொல்வது? வலை காயப்போட்ட இடத்தில் ஒரு வாரம் கழித்து மழை பெய்தால் வருமே, அது. எண்ணெய் ஸ்பூனிலிருந்து விரலுக்கு, விரலிலிருந்து புத்தகத்துக்கு, புத்தகத்திலிருந்து மதியச் சோற்றுக்கு வந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தங்கச்சி வாயைத் திறக்கமாட்டாள். மூக்கைப் பிடித்து ஊற்றினால் விழுங்குவாள், உடனே கஞ்சியோடு சேர்த்து என் யூனிஃபார்ம் மேல் கக்குவாள். மாற்றிக்கொள்ள இன்னொரு யூனிஃபார்ம் கிடையாது. தண்ணீரால் துடைத்துவிட்டு அப்படியே ஓடுவேன். கிளாஸில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. "கருவாடு வருதுடி" என்று மூக்கைப் பொத்தினார்கள்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, ஸ்பூனோடு அறைக்குள் போனேன். தங்கச்சி சுவரோடு ஒண்டிக்கொண்டு, "வேணாங்கா, இன்னிக்கி ஒரு நாளு வேணாங்கா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். எங்கே கற்றாளோ அந்தக் கும்பிடை. நான் பின்கதவைத் திறந்து, குளிக்கிற தட்டிக்குப் பின்னால் ஓடிய சாக்கடையில் ஸ்பூனைக் கவிழ்த்தேன். உள்ளே வந்து, குடிச்சிட்டேன்னு சொல்லணும், சரியா என்றேன். அவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பாலாடை நாற்றத்தோடு அவள் முத்தம் கொடுத்தாள். நான் கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் இரண்டு ஸ்பூன் சாக்கடைக்குப் போனது. இரக்கப்பட்டுத்தான் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். உங்களிடம் பொய் சொல்வானேன்? நாற்றம் தாங்கவில்லை, அதுதான் பெரிய காரணம். அவள் மேல் பொறாமை இருந்ததா என்றால், இருந்தது. அவளுக்காக மூன்று வேளையும் ஆட்டுக்கால் வெந்த வீட்டில் எனக்குப் பழையதுதான். ஒரு சாம்பல் நிறப் பூனை அந்த இடத்தைக் கண்டுபிடித்துத் தினமும் ஏழரை மணிக்கு வந்து நின்றது. நக்கி நக்கி மினுமினுவென்று ஆகி, அந்த வருடம் ஐந்து குட்டி போட்டது. அம்பத்தூர் தாலுகாவிலேயே அந்தப் பூனைக்குத்தான் உறுதியான எலும்பு இருந்திருக்கும்.

புட்டி காலியாகக் காலியாக அம்மா புதுப் புட்டி வாங்கினாள். ஒருமுறை பாத்திரம் கழுவும்போது மூக்கைச் சுளித்து, "இன்னாடி, சாக்கடைல மீன் நாத்தம் அடிக்குது" என்றாள். பக்கத்துப் போர்ஷனில் மீன் கழுவினார்கள் என்றேன். அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அவளுக்குத் தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆகஸ்டில் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். தங்கச்சியின் முகவாயைத் தூக்கிப் பார்த்தார். "கவுனு தரை வரைக்கும் வரும், காலு எங்க தெரியப்போவுது?" என்று அம்மாவே முந்திக்கொண்டு சொன்னாள். அவருக்கும் அது சரியாகப் பட்டது. இந்த வருடச் சம்மனசு எங்கள் வீட்டில் என்று முடிவானது. அன்று ராத்திரி அம்மா அழுத அழுகையைப் பார்க்க வேண்டுமே. சந்தோஷத்தில்.

பவனியன்று சாயங்காலம் சப்பரத்தில் ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே தங்கச்சியின் கால் துவண்டது. உட்கார்ந்துவிட்டாள். சம்மனசு உட்கார்ந்தால் எப்படி? சப்பரத்தின் முன்கம்பில் அவளைச் சாய்த்து நிறுத்தி, அக்குளுக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை, இடுப்பில் ஒன்று, முட்டிக்குக் கீழே ஒன்று என்று கட்டினார்கள். கட்டு இறக்கைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. முடிச்சு போட்டது அம்மா. இறுக்கிப் பிடித்துக்கொண்டது நான்.

இரண்டு மணி நேரம் சுற்றினார்கள். பேண்டு, வெடி, கையில் மெழுகுவத்தி. சப்பரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அவள் தலை முன்னும் பின்னும் ஆடியது. அச்சு அசல் சம்மனசுதான் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் சப்பரத்துக்குப் பக்கத்திலேயே நடந்தேன். கவுனின் விளிம்பிலிருந்து மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அது மல்லிகைச் சரத்தின் மேல் விழுந்தது. அந்தச் சரத்தைக் கடைசியில் ஜனங்கள் பிய்த்துப் பிய்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

அவிழ்த்துக் கீழே இறக்கியபோது அவள் அழவில்லை. ஒரு சத்தம் மட்டும் வந்தது. இடது காலில், முட்டிக் கட்டுக்குக் கீழே, வீங்கிப் போயிருந்தது. பச்சைக் குச்சியை வளைத்தால் முழுதாக ஒடியாமல் ஒரு பக்கம் மட்டும் பிளக்குமே, அப்படி எலும்பு பிளந்திருந்தது என்று மறுநாள் எக்ஸ்ரேயில் தெரிந்தது.

மறுநாள் என்றால் ஆவடி, அதே மதர். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"நாலு மாசத்துல முனையில வெள்ளையாக் கோடு விழுந்திருக்கணுமே. ஒண்ணுமே இல்ல. எண்ணெய் குடுத்தீங்களா?"

"தெனமும் ரெண்டு ஸ்பூனு மதர். பெரியவதான் குடுத்தா. புட்டியெல்லாம் கூட கீது ஊட்டுல."

மதர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"வெயில்?"

"காட்டுனோம் மதர். தெனமும்."

அம்மா சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். அவள் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். என் வாயை அடைத்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும். "ஆமா மதர், நான்தான் முத்தத்துல உக்கார வெப்பேன்" என்றேன். யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்துச் சொன்னது அது. அம்மாவின் முகம் தளர்ந்தது. என் தோளில் கையை வைத்தாள். அவள் அவ்வளவு பிரியமாக என்னைத் தொட்டது அதற்கு முன்னால் எனக்கு ஞாபகமில்லை. மேஜையில் படுத்திருந்த தங்கச்சி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதர் நல்லவர். நல்லவர்கள் நம்பிவிடுவார்கள், அதுதான் அவர்களிடம் உள்ள கஷ்டம். எண்ணெயும் வெயிலும் முறையாகக் கொடுத்தும் குணமில்லை, பிறவிக் கோளாறாக இருக்கலாம் என்று சீட்டில் எழுதிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே பெரிய டாக்டர்கள் அந்தச் சீட்டிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். சாதாரண அளவுக்குக் கேட்காத உடம்பு என்று அதே சத்தைப் பெரிய அளவில் ஊசியாகப் போட்டார்கள். தாமதமாகத்தான் எலும்பு இறுகியது. மதர் முன்பே சொன்னபடி, வளைந்தபடியே இறுகியது.

ஏழு வயதில் இரண்டு காலையும் அறுத்து நிமிர்த்தினார்கள். இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. பத்து வாரம். கட்டுக்குள் அரிக்கிறது என்று கத்துவாள். பின்னல் ஊசியை உள்ளே விட்டுச் சொறிந்துவிடுவது என் வேலை. ஊசியை வெளியே எடுத்தால் நுனியில் சாம்பலாக ஏதாவது ஒட்டியிருக்கும். மூட்டைப்பூச்சி உள்ளே போய்விட்டது. கட்டைப் பிரித்த நாளில் ஆஸ்பத்திரிக்காரர் ரம்பத்தை ஓட்டி இரண்டாகப் பிளந்து திறந்தார். ஊசிப்போன பழைய சோற்றுப் பானையைத் திறந்தால் வருமே, அந்த வாடை. செத்த தோல் தகடு தகடாக உரிந்து தொங்கியது. அதன் நடுவே இரண்டு நேரான கால்கள். குச்சியாக, ஆனால் நேராக. அப்பா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அம்மா கிட்டே போனாள். உரிந்த தோலை விரலால் விலக்கினாள். கீழே இருந்த தோலைத் தடவிப் பார்த்தாள்.

"காலு எவ்ளோ செவப்பாயிடுச்சி பாரேன்" என்றாள்.

அம்மா செத்து இருபது வருடமாகிறது. அவள் கல்லறையில் பூ வைக்கும்போதுகூட எனக்கு அந்த வார்த்தைதான் காதில் விழுகிறது. அவளை வெறுப்பதா, அவளைப் பார்த்து உபதேசியார் சிரித்த சிரிப்பை வெறுப்பதா என்று தெரியாமல் பூவை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

தங்கச்சி நன்றாக நடந்தாள். நன்றாகப் படித்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோது ஆஸ்பத்திரிச் சீட்டும் கூடவே வந்தது. பிறவிக் கோளாறு, பிறக்கிற பிள்ளைக்கும் வரும் என்று முதலில் இரண்டு பேர் பின்வாங்கினார்கள். மூன்றாவதாக வந்தவர் பரவாயில்லை என்றார். தங்கச்சிதான் மறுத்துவிட்டாள். நான் பட்டது போதும், இன்னொரு உசுருக்கு இதக் குடுக்கமாட்டேன் என்றாள். அன்றைக்கு எனக்கு முழு விவரம் தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொள்கிறேன். என் பையன் கைக்குழந்தையாக இருந்தபோது குழந்தை டாக்டர் ஒருவரிடம், பேச்சோடு பேச்சாகத் தங்கச்சியின் கதையைச் சொன்னேன். எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றியதையும் சேர்த்து, யாரோ செய்த மாதிரி. அவர் சாதாரணமாக, அப்போ அது பிறவிக் கோளாறே இல்லம்மா, வெறும் வெயில் குறைச்சல், பிள்ளைக்கெல்லாம் வராது என்றார். அப்போது தங்கச்சிக்கு இருபத்தைந்து வயது. மூன்றாவதாக வந்தவருக்கு அப்போதும் வேறிடத்தில் அமைந்திருக்கவில்லை. எனக்கு அதுவும் தெரியும்.

எலும்பு ஒருமுறை கட்டி முடித்துவிட்ட வீடு கிடையாது. பழையதைக் கரைத்துத் தின்கிற அணுக்களும் புதிதாகப் பூசுகிற அணுக்களும் சாகும்வரை உள்ளே வேலை பார்த்துக்கொண்டே இருக்கின்றன. பத்து வயதில் எனக்கிருந்த எலும்பில் ஒரு துளிகூட இப்போது இந்த உடம்பில் மிச்சமிருக்காது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தாலும் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

தங்கச்சி இப்போது வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி விடுதியில் வார்டன். அடுத்த வருடம் ஓய்வு. போன மாதம் என் பையனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தொட்டிலில் இருந்த குழந்தையின் சுற்றுத் துணியைப் பிரித்தாள். குழந்தையின் கணுக்காலை இரண்டு விரலால் பிடித்து, முழங்கால் வரைக்கும் மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். ஒரு கால். அப்புறம் இன்னொரு கால். மறுபடியும் முதல் கால்.

தங்கச்சி துணியை மறுபடி சுற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என் எலும்பு இதுக்கு வரலக்கா. உன் வழியிலயும் வந்துடுமோன்னு பத்து மாசமா தூக்கமே இல்ல. நான் கல்யாணம் பண்ணிக்காம இருந்தது எவ்ளோ நல்லதாப் போச்சு பாத்தியா?"

"ஆமாம்டி" என்றேன்.